உள்ளே பூக்கும் மரம்

எப்போதோ ஒருமுறை நடக்கும் காரியத்தை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். பல வருடம் கழித்து வாசலேறி வரும் உறவினரிடம் "என்ன, அத்தி பூத்தாப்பல வந்திருக்கீங்க!" என்று கேட்காத வீடு குறைவு. பழந்தமிழில் 'கோளி' என்றொரு சொல்லும் உண்டு. பூக்காமலே காய்க்கிற மரம் என்று அதற்குப் பொருள். ஆலையும் அத்தியையும் நாள்தோறும் பார்த்துப் பழகியவர்கள் வைத்த பெயர் அது. மாமரம் பூத்தால் ஊருக்கே வாசனை தெரியும். முருங்கை பூத்தால் தரை வெளுத்துக் கிடக்கும். ஆலமரத்தடியிலேயே ஆயுளைக் கழித்தவர்கூட ஆலம்பூவைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டார்.

ஆனால் அத்தி பூக்கிறது. ஆண்டில் பல முறை, ஆயிரக்கணக்கில் பூக்கிறது. சூரியகாந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அகன்ற ஒரு தட்டின் மேல் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி நிற்கின்றன. அந்தத் தட்டின் விளிம்பைச் சுற்றிலும் பிடித்து மேலே தூக்கி, பாட்டியின் சுருக்குப் பையை இழுத்துக் கட்டுவது போலக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? பூக்கள் எல்லாம் உள்ளே போய்விடும், வெளியில் பச்சைத் தோல் மட்டும் தெரியும். நாம் அத்திக்காய் என்று சொல்வது அந்தப் பையைத்தான். காம்புக்கு நேர் எதிரே, நுனியில் ஒரு சிறு குழி இருக்கும். அதுதான் பையின் வாய். அந்த வாயையும் செதில் செதிலாக இலைத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அடைத்திருக்கின்றன. காற்று உள்ளே போகாது. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் நுழைய முடியாது.

இப்படிப் பூவைப் பூட்டி வைத்திருக்கும் மரத்துக்கு மகரந்தம் கொண்டு வருவது யார் என்ற கேள்விக்கான விடைதான் இந்தக் கட்டுரை. உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதற்கு எத்தனையோ எடுத்துக்காட்டுகள் உண்டு. அவரைச் செடியின் வேர்முடிச்சில் பாக்டீரியா வாழ்கிறது, பவளத்துக்குள் பாசி வாழ்கிறது. ஆனால் வாய்க்கால் கரையில் நம் கண்ணெதிரே நடப்பதும், தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள வியப்பு கூடிக்கொண்டே போவதும் அத்தியும் குளவியும் சேர்ந்து வாழும் வாழ்க்கைதான் என்பது என் எண்ணம்.

அத்திக் குளவி என்றால் வீட்டு மூலையில் மண்கூடு கட்டும் குளவியை எண்ண வேண்டாம். இது இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். கொட்டாது. பறக்கும்போது கண்ணில் தூசி விழுந்தது போலத் தோன்றும். உலகில் ஆல், அரசு, அத்தி, இச்சி என்று இந்தப் பேரினத்தைச் சேர்ந்த மரவகைகள் எழுநூற்றைம்பதுக்கும் மேல். பெரும்பாலும் ஒவ்வொரு வகைக்கும் தனக்கென்று ஒரு குளவி உண்டு. நம் ஆற்றங்கரை அத்திக்கு வருவது செரட்டோசோலன் ஃபுஸ்கிசெப்ஸ். ஆலுக்கு வருவது யூப்ரிஸ்டினா மசோனி. அரசின் குளவி ஆலுக்குப் போய்ப் பயனில்லை, ஆலின் குளவிக்கு அரசில் இடமில்லை. காய் பக்குவத்துக்கு வந்ததும் மரம் ஒரு வாசனையை வெளியிடுகிறது. அந்தந்த வாசனைக் கலவை அந்தந்தக் குளவிக்குத்தான் அழைப்பு.

வாசனையைப் பிடித்துக்கொண்டு வருவது பெண் குளவி. காயின் நுனியில் இறங்கி, வாய்ச் செதில்களுக்கு இடையே தலையை நுழைத்து முண்டத் தொடங்குகிறது. இந்தப் பயணத்துக்கென்றே அதன் தலை தட்டையாக ஆப்பு போல இருக்கிறது, தாடையில் பின்னோக்கிய பற்கள் வரிசையாக இருக்கின்றன. முன்னே போகலாம், பின்வாங்குவது கடினம். நெருக்கத்தில் இறக்கைகள் பிய்ந்து விழுகின்றன, உணர்கொம்புகளின் நுனி ஒடிகிறது. பல அத்திக்காய்களின் வாயில் இப்படி உதிர்ந்த இறக்கைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். இறக்கையில்லாமல் உள்ளே வந்து சேர்ந்தவளுக்கு இனி வெளி உலகம் கிடையாது. எஞ்சியிருக்கும் சில மணி நேரத்தில் இரண்டு வேலை முடிக்க வேண்டும்.

முட்டையிடுவது ஒன்று. மகரந்தம் வைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைக் குளவி செய்யும் விதம்தான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. தேனீ மேல் மகரந்தம் தற்செயலாக ஒட்டுகிறது, தற்செயலாக உதிர்கிறது. தேனுக்காகப் போன இடத்தில் நடக்கும் உபகாரம் அது. அத்திக் குளவிகளில் பல வகைகள் அப்படியில்லை. மார்பில் இரண்டு சிறு பைகள் வைத்திருக்கின்றன. பிறந்த காயிலிருந்து கிளம்பும்போதே மகரந்தத்தை முன்னங்காலால் வாரி அந்தப் பைகளில் நிரப்பிக்கொள்கின்றன. புதுக் காய்க்குள் வந்ததும், ஒரு பூவில் முட்டையிட்ட கையோடு பையிலிருந்து மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் வைக்கின்றன. நாற்று நடுகிறவர் முடியிலிருந்து பிரித்துப் பிரித்து வைப்பது போன்ற வேலை. கூலியாகக் குளவிக்குத் தேன் கிடையாது. வளர்ந்த பெண் குளவி எதையும் உண்பதே இல்லை.

கூலி என்ன என்பதில்தான் கணக்கு இருக்கிறது. குளவி தன் முட்டைக்குழலைச் சூல்தண்டு வழியே செலுத்திச் சூல்பையில் முட்டையிடுகிறது. முட்டை விழுந்த சூல்பை வீங்கி, புழுவுக்குக் கூடாகவும் உணவாகவும் மாறிவிடுகிறது. ஒரு பூவில் விதை வரலாம், அல்லது குளவி வரலாம். இரண்டும் வராது. அதாவது மரம் வளர்க்கும் ஒவ்வொரு குளவிக்கும் ஒரு விதையை விலையாகக் கொடுக்கிறது. தன் விதைகளில் ஒரு பங்கைத் தூதுவரின் பிள்ளைகளுக்குச் சோறாகப் போடுகிற ஏற்பாடு இது. இந்த உறவு சுமார் 7.5 கோடி ஆண்டுகள் பழையது என்று மரபணு ஒப்பீடுகள் சொல்கின்றன. இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த, 3.4 கோடி ஆண்டு வயதுள்ள குளவிப் புதைபடிவம் ஒன்றை நெடுங்காலம் எறும்பு என்றே நினைத்திருந்தார்கள். 2010-இல் மறுபடி ஆராய்ந்தபோது அது அத்திக் குளவி என்று தெரிந்தது. இன்றைய குளவிக்கும் அதற்கும் உருவில் அநேகமாக வேறுபாடே இல்லை. மகரந்தப் பைகூட இருந்தது.

தாய் உள்ளேயே இறந்துபோகிறாள். சில வாரங்கள் கழித்து அந்த இருட்டறையில் அடுத்த தலைமுறை விழிக்கிறது. முதலில் வெளிவருபவை ஆண்கள். அவற்றுக்கு இறக்கை கிடையாது, கண்பார்வை அநேகமாக இல்லை. பிறந்த காயைத் தவிர வேறெதுவும் தெரியாத வாழ்க்கை. கூடுகளுக்குள் இன்னும் உறங்கும் பெண்களைத் தேடி, கூட்டில் துளையிட்டு இணைகின்றன. அதன்பின் ஒன்று சேர்ந்து காயின் சுவரைக் குடைந்து சுரங்கம் வெட்டுகின்றன. அந்தச் சுரங்கம் அவை வெளியே போவதற்காக வெட்டுவதில்லை. சில ஆண்கள் மறுபக்கம் போய் விழுந்து எறும்புக்கு இரையாகும், மற்றவை உள்ளேயே மடியும்.

அரச மரத்தின் காயை வைத்து இஸ்ரேல் ஆய்வாளர் யாக்கோபு காலிலும் தோழர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தை அழகாக விளக்குகிறது. மூடிய காய்க்குள் கரியமில வாயு சுமார் 10 சதவீதம் வரை ஏறிவிடுகிறது. நாம் அங்கே மயங்கி விழுந்துவிடுவோம். ஆண் குளவிகளோ அந்தக் காற்றில்தான் சுறுசுறுப்பாக இருக்கின்றன, பெண்கள் அசைவற்றுக் கிடக்கின்றன. ஆண்கள் சுரங்கத்தைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே வருகிறது. பெண்கள் எழுகின்றன, ஆண்கள் ஓய்கின்றன. அதுவரை முதிராமல் காத்திருந்த ஆண் பூக்கள் சரியாக அந்தச் சமயத்தில் மகரந்தம் தருகின்றன. பெண்கள் பையை நிரப்பிக்கொண்டு சுரங்கம் வழியே வெளியேறுகின்றன. காயும் அப்போதுதான் எத்திலீன் சுரந்து, நிறம் மாறி, கனிந்து, இனிக்கத் தொடங்குகிறது. குளவிகள் உள்ளே இருக்கும் வரை காய் பச்சையாக, கெட்டியாக, பறவை தொடாததாக இருக்கும். குழந்தைகள் கிளம்பிய பிறகே கதவைத் திறந்து விருந்தாளிகளை அழைக்கிறது மரம்.

'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்பதற்கும் இங்கே விளக்கம் இருக்கிறது. பழத்தில் எஞ்சிக் கிடப்பவற்றில் இறக்கையில்லாத அந்த ஆண் குளவிகளும் சேர்த்தி. பார்க்கப் புழு போலவே இருக்கும்.

ஆண், பெண் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். ஆகவே பிள்ளை எதுவாக இருக்க வேண்டும் என்பது தாயின் கையில். ஒரு காய்க்குள் தான் மட்டுமே வந்திருந்தால் அவள் ஆண்களை மிகக் குறைவாகவே பெறுகிறாள். எல்லாப் பெண்களோடும் இணைய ஒரு சில ஆண்கள் போதும், மேலே வைத்தால் அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் போட்டியிட்டு வீணாவார்கள். பல தாய்கள் வந்து சேர்ந்த காயில் ஆண்களின் பங்கு கூடுகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் 1967-இல் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். பிற்பாடு பனாமாக் காடுகளில் அத்திக்காய்களைப் பிளந்து எண்ணிய ஆலன் ஹெர் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று காட்டினார்.

இவ்வளவும் படித்தால் இரு உயிர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்வதாகத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு சந்தேகம் எழ வேண்டும். மகரந்தம் சுமப்பது வேலை, நேரம் பிடிக்கும். அதைச் செய்யாமல் முட்டையை மட்டும் இட்டுவிட்டுப் போகும் குளவி ஏன் பெருகவில்லை?

ஷார்லட் யண்டேரும் ஹெர்ரும் இதைச் சோதித்தார்கள். மகரந்தம் இல்லாத குளவிகளையும் மகரந்தத்தோடு வந்த குளவிகளையும் தனித்தனிக் காய்களுக்குள் விட்டார்கள். 2010-இல் வந்த முடிவு இது: குளவி வேண்டுமென்றே மகரந்தம் சுமக்கும் மரவகைகளில், மகரந்தம் வராத காய்களை மரம் உதிர்த்துவிடுகிறது. உள்ளே இருக்கும் அத்தனை பிள்ளைகளும் காயோடு சாகும். உதிராமல் நின்ற காய்களிலும் குளவிகள் குறைவாகவே பிழைத்தன. மகரந்தம் தற்செயலாக உடலில் ஒட்டிப் போகும் மரவகைகளில் இந்தத் தண்டனை இல்லை. அங்கே ஏமாற்றுவதில் குளவிக்கு லாபமும் இல்லை. தண்டனை லேசாக இருக்கும் மரங்களில் மகரந்தம் கொண்டு வராத குளவிகள் அதிகம் காணப்பட்டன. மரத்துக்கு மூளை கிடையாது, கோபமும் கிடையாது. சூல் பிடிக்காத காய்க்குச் சத்து அனுப்பாத பழக்கம், கோடி ஆண்டுகளில் ஒரு காவலாக உருவெடுத்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எல்லாப் பூவிலும் முட்டையிட்டு விதையே இல்லாமல் ஏன் குளவி செய்துவிடவில்லை? சூல்தண்டுகள் நீளமும் குட்டையுமாக இருப்பதால் எல்லாப் பூவும் அதற்கு எட்டாது என்பது பழைய விடை. அதில் உண்மை உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த விடை 2008-இல் ஆஸ்திரேலிய அத்தி ஒன்றை ஆராய்ந்தவர்கள் கண்டது. காய்க்குள் நுழையாமல் வெளியே நின்றபடியே, மயிரிழை போன்ற நீண்ட முட்டைக்குழலால் காயின் தோலைத் துளைத்து, உள்ளே இருக்கும் குளவிப் புழுவின் மேல் முட்டையிடும் வேறு குளவிகள் உண்டு. மகரந்தமும் கொண்டு வராது, வேலையும் செய்யாது. சுத்தமான ஒட்டுண்ணி. அதன் குழல் தோலை ஒட்டிய பூக்கள் வரைதான் எட்டும். ஆகவே அங்கே முட்டையிட்ட தாயின் பிள்ளைகள் சாகின்றன, நடுக்குழியை ஒட்டிய பூக்களில் இட்டவை பிழைக்கின்றன. அதனால் நல்ல குளவி உட்புறப் பூக்களையே நாடுகிறது. தோல் பக்கப் பூக்கள் விதையாகின்றன. திருட வந்தவன் இருப்பதால்தான் கூட்டாளி அளவோடு எடுத்துக்கொள்கிறான். மரம், குளவி என்று இரண்டு பேரை மட்டும் வைத்து இந்த உறவைச் சொல்லி முடிக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாமவரின் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அத்தி மரத்தில் இப்படி வெளியிலிருந்து துளைக்கும் ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்தார்கள். கெட்டியான பச்சைக் காயைத் தலைமுடியைவிட மெல்லிய ஊசி வளையாமல், ஒடியாமல் எப்படித் துளைக்கிறது? நுனியில் ரம்பம் போன்ற பற்கள். அந்த நுனி துத்தநாகத்தால் உறுதியூட்டப்பட்டிருக்கிறது. 2014-இல் வெளியான ஆய்வு அது.

நான்காமவர், ஐந்தாமவர் என்று பட்டியல் நீளும். காயைச் சுற்றி முசுறு எறும்புகள் அலைகின்றன, வந்து இறங்கும் குளவிகளைப் பிடிக்கின்றன. வெளியே நின்று நேரமெடுத்துத் துளைக்கும் ஒட்டுண்ணிக்குத்தான் எறும்பால் ஆபத்து அதிகம். சட்டென்று உள்ளே நுழைந்துவிடும் கூட்டாளி அவ்வளவாகச் சிக்குவதில்லை. குளவியின் உடலில் தொற்றிக்கொண்டு காய்க்குக் காய் பயணம் போகும் நூற்புழுக்களும் உண்டு. குறைவான பேர் ஏறினால் குளவி தாங்கும். கூட்டம் ஏறினால் வண்டியே கவிழும்.

நம் ஊர்ப் பேயத்தி இந்தக் கதையில் கொஞ்சம் கொடுமையான அத்தியாயம். பேயத்தியில் இரண்டு வகை மரங்கள். ஒரு வகை மரத்தின் காய்களில் குளவிகள் வளரும், மகரந்தம் உண்டாகும். மறு வகையின் காய்களில் விதை மட்டுமே. இந்த இரண்டாம் வகைக் காய்க்குள் நுழைந்த குளவி மகரந்தத்தை வைத்துவிடும், ஆனால் சூல்தண்டுகள் அதன் குழலுக்கு எட்டாத நீளம். ஒரு முட்டைகூட இட முடியாமல் சாகும். இறக்கையை உள்ளே வரும்போதே இழந்துவிட்டதால் வேறு காய் தேடவும் வழியில்லை. இரண்டு காய்களின் வாசனையும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் குளவியால் வேறுபடுத்த முடிவதில்லை. கூட்டுறவின் நடுவில் இப்படி ஒரு வஞ்சனை. கடைகளில் உலர்ந்து கிடைக்கும் சீமை அத்தியின் இனமும் இதே முறையைச் சேர்ந்தது. ஆனாலும் இன்று பயிராகும் அதன் பல ரகங்கள் குளவி இல்லாமலே காய்ப்பவை.

குளவி தேவைப்படும் சீமை அத்தி ரகத்தைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனவர்கள் பட்ட பாடு சுவையானது. துருக்கியின் ஸ்மிர்னா பகுதிக் கன்றுகளை 1880-களில் நட்டார்கள். மரம் வளர்ந்தது, பிஞ்சு விட்டது, பழுக்காமல் உதிர்ந்தது. மத்தியதரைக் கடல் நாட்டு விவசாயிகள் காட்டத்திக் காய்களைக் கோத்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடும் வழக்கம் கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் காலத்திலேயே பதிவானது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். ஃபிரெஸ்னோவைச் சேர்ந்த ஜார்ஜ் ரோடிங் மகரந்தத்தைக் குழலால் காய்க்குள் ஊதிப் பார்த்தார், அந்தக் காய்கள் பழுத்தன. பிறகு குளவிகளைத் தருவித்து, 1899-இல் அவை அங்கே நிலைபெற்ற பின்புதான் கலிபோர்னியாவில் அந்த அத்தித் தொழில் காலூன்றியது. மரத்தைக் கப்பலில் ஏற்றியவர்கள் அதன் பாதியைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வெளியேறும் பெண் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் தன் வகை மரத்தில், சரியான பக்குவத்தில் காய் இருக்கும் இடத்தை அடைய வேண்டும். பிறந்த மரத்தில் பயனில்லை. ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே வளர்வதால் அங்கே எல்லாம் முதிர்ந்துவிட்டிருக்கும். எனவே வட்டாரத்தில் எந்த நாளிலும் ஏதாவது ஒரு மரம் பூப்பருவத்தில் இருந்தாக வேண்டும். ஊரில் உள்ள ஆலமரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் காய்க்காமல், இன்று இங்கே, அடுத்த மாதம் அங்கே என்று முறைபோட்டுக் காய்ப்பதற்குக் குளவியின் இந்தக் குறுகிய ஆயுள்தான் காரணம்.

காட்டுக்குச் சோறு கிடைப்பதும் இதனால்தான். மற்ற மரங்கள் ஓய்ந்திருக்கும் மாதத்திலும் எங்கோ ஓர் அத்தி பழுத்திருக்கும். அத்திப் பேரினத்தின் பழங்களை உண்ணும் பறவை, பாலூட்டி வகைகள் உலகில் 1,200-க்கும் மேல் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனைமலையில் பெரிய இருவாச்சியின் பேடு மரப்பொந்துக்குள் தன்னை வைத்து வாயிலை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அடைகாக்கும். சிறு பிளவு வழியே ஆண் ஊட்டும் உணவில் பெரும்பங்கு அத்திப்பழம். 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்து உயிர்களே இல்லாமல் போன தீவில், பறவையும் வௌவாலும் விதை கொண்டு வர அத்தி வகைகள் முளைத்தன. கடலைத் தாண்டிக் குளவிகளும் வந்து சேர்ந்தன. காலப்போக்கில் 20-க்கும் மேற்பட்ட அத்தி வகைகள் அங்கே வந்து சேர்ந்தன.

இரண்டு மில்லிமீட்டர்ப் பூச்சி கடலைத் தாண்டுமா? நமீபியாவின் பாலை நிலத்தில், உகாப் ஆற்றை ஒட்டி வெகு தொலைவுக்கு ஒவ்வொன்றாக நிற்கும் அத்தி மரங்களின் மரபணுவை ஒப்பிட்டு, எந்த மரத்து மகரந்தம் எந்த மரத்தை அடைந்தது என்று கண்டார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் சராசரித் தொலைவு சுமார் 89 கிலோமீட்டர், அதிகபட்சம் 160. மரத்துக்கு மேலே எழும்பிக் காற்றில் தன்னை விட்டுவிட்டு, வாசனை வந்ததும் கீழே இறங்குகிறது குளவி. ஆனால் ஒரு குளவி போய்ச் சேருவதற்குள் எத்தனை ஆயிரம் வழியில் விழுந்திருக்கும்? மரங்களுக்கு இடையே தூரம் கூடக் கூட அந்த எண்ணிக்கையும் கூடும். சாலையை அகலப்படுத்துகையில் வரிசையாக வெட்டிச் சாய்க்கப்படும் ஆலமரங்களைக் கடந்து போகும்போது, நிழல் போனதற்கு வருந்துவதோடு எனக்கு இந்தக் கணக்கும் நினைவுக்கு வருகிறது. வெட்டியது பத்து மரம் என்றால், முறைபோட்டுக் காய்த்த வரிசையில் பத்து மாதங்கள் காணாமல் போயிருக்கலாம்.

போன கோடையில் எங்கள் வாய்க்கால் கரை அத்தியின் அடிமரத்தில் கொத்தாகக் காய்த்திருந்தது. சிவக்கப் போகிற நிலையில் இருந்த நான்கு காய்களைப் பறித்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை ஒரு காயின் தோலில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து கறுப்பாக, பளபளப்பாக ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஓட்டையின் விளிம்பில் நின்று, கசங்கிய இறக்கையைக் காலால் நீவி விட்டுக்கொண்டு, கண்ணாடியில் ஏறின. சன்னல் பக்கம் இருந்த வெளிச்சத்தை நோக்கி எல்லாம் கூடின. ஒரு நாள் ஆயுள் உள்ளவற்றை வேடிக்கை பார்ப்பதற்காக வைத்திருக்க மனம் வரவில்லை. மாடிக்குப் போய்த் துணியை அவிழ்த்தேன். அரை நிமிடம் பாட்டிலின் வாயில் தூசி சுழல்வது போல இருந்தது. பிறகு தெரியவில்லை.